வண்டிச் சோதனையில் போலீஸ் லத்தியால் அடிக்கலாமா? சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது?

கேள்வி: காயில் கட்டுபவன்

எல்லாருக்கும் வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். முந்தாநாள் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் என் தம்பி கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். பைபாஸ் முக்கில் வண்டிச் சோதனை. ஹெல்மெட் போடவில்லை. தப்புதான், அபராதம் போட்டிருந்தால் கட்டியிருப்போம். நிறுத்தச் சொல்லிக் கை காட்டிய இடத்தைத் தாண்டி நாலைந்து அடி தள்ளிப் போய் வண்டியை நிறுத்தியிருக்கிறான். அதற்கு "ஓடவா பாக்கே" என்று ஒருவர் சாவியை உருவ, இன்னொருவர் லத்தியால் கெண்டைக்காலில் இரண்டு, முதுகில் ஒன்று. "எதுக்கு சார் அடிக்கீங்க, ஃபைன் போடுங்க" என்று இவன் கேட்டதும் ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ரைட்டர் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்து, போனை வாங்கி வைத்துக்கொண்டு, கன்னத்தில் ஒரு அறை.

தகவல் தெரிந்து நான் போய்ச் சேரும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கு எதுவும் போட்ட மாதிரித் தெரியவில்லை, ரசீதும் இல்லை. கால் கன்றிப்போய் நடக்கச் சிரமப்படுகிறான். அம்மா விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம் கொடுக்கிறாள்.

கடைத்தெருவில் கேட்டால் "போலீஸுன்னா ரெண்டு தட்டத்தான் செய்வான், விடுப்பா" என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: அடிக்க அவர்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டா? உண்டு என்றால் எந்த அளவுக்கு? இப்போது நாங்கள் என்ன செய்யலாம்? இதே ஊரில் கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


பதில்: நைட்டு பஸ்

ஹெல்மெட் போட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்காதே பாஸ். தம்பிக்கு ஒரு நல்ல பாடம். கேஸ் கீஸ் என்று போனால் ஊரில் குடியிருக்க முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள்.


பதில்: கோர்ட் வராண்டா

அண்ணாச்சி, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணும் வக்கீல் நான். சட்டத்தைப் பிறகு பேசலாம், முதலில் ஒரு வேலை. விளக்கெண்ணெயை நிறுத்திவிட்டுத் தம்பியை இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்தக் கன்றல் கரைவதற்குள் ஒரு டாக்டர் அதைப் பார்த்து எழுதியாக வேண்டும். கிளினிக், மருந்துக்கடை ஊசி எல்லாம் இதற்கு உதவாது.

போய்விட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

போலீஸ் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் எதற்காக என்பதையும் சேர்த்தே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 43-ஆவது பிரிவைப் பாருங்கள் (பழைய சி.ஆர்.பி.சி.யில் 46). கைது செய்யும்போது ஆளின் உடலைத் தொடலாம் அல்லது பிடிக்கலாம். அவரே சொல்லாலோ செயலாலோ உடன்பட்டுவிட்டால் அதுகூட வேண்டியதில்லை. பலவந்தமாக எதிர்த்தாலோ தப்பிக்க முயன்றாலோ, கைது செய்யத் தேவையான வழிகளைக் கையாளலாம். அப்போதும் ஒரு வரம்பு உண்டு: தூக்குத் தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்க இந்தப் பிரிவு உரிமை தராது. அடுத்து அதே புதிய சட்டத்தின் 46-ஆவது பிரிவு. ஆள் தப்பிக்காமல் இருக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான், ஒரே வரி. என்னைக் கேட்டால் இந்த ஒரு வரியை ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் பெயிண்டில் எழுதி வைக்கலாம்.

இதை வைத்து உங்கள் தம்பி விஷயத்தைப் பாருங்கள். ஹெல்மெட் போடாததற்கு மோட்டார் வாகனச் சட்டம் 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. யாரும் அவனைக் கைது செய்ய முயலவில்லை. அவன் எதிர்க்கவும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறவன் மேல் விழுந்த முதல் அடியே சட்டத்துக்கு வெளியே விழுந்த அடி. ஸ்டேஷனில் விழுந்த அறைக்கோ எந்தச் சமாதானமும் கிடையாது. பிடித்தாயிற்று, உட்கார வைத்தாயிற்று, அதோடு பலத்தின் வேலை முடிந்தது. அதற்குமேல் கை வைத்தால் அது பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 115-இன் கீழ் காயம் விளைவித்த குற்றம். காக்கி போட்டவர், போடாதவர் என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை. ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதற்காக அடித்தால் 120, ஏழு ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை.

"தப்பி ஓடினால் அடிக்கலாம்தானே" என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவம். 2018 மார்ச் 7, திருச்சி துவாக்குடி பக்கம். ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியைத் துரத்திப் போய் இன்ஸ்பெக்டர் பைக்கை எட்டி உதைத்தார் என்பது வழக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கீழே விழுந்து இறந்துபோனார். 2021 ஜூன், சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடி. ஊரடங்கு நேரம். வாக்குவாதத்தில் ஒரு சிறப்பு எஸ்.ஐ. பிரம்பால் அடிக்க, வியாபாரி ஒருவர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். இரண்டு இடத்திலும் அடித்த அதிகாரி கைதானார். "ரெண்டு தட்டு" என்று உங்கள் கடைத்தெருவில் எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள் பாருங்கள். அந்த இரண்டு தட்டு எங்கே போய் முடியும் என்று தட்டுகிறவருக்கே தெரியாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நடக்கிறது? அடியை யாரும் தாளில் ஏற்றுவதில்லை, அதனால்தான். போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872-இலேயே சாட்சியச் சட்டத்தில் எழுதிவிட்டான் வெள்ளைக்காரன். இன்றைய புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு சந்தும் இருக்கிறது: அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். நகையை எடுத்துக் கொடுத்துவிட்டால் அடித்தது மறந்துபோகும். லத்தி இன்னும் உயிரோடு இருப்பது அந்தச் சந்தில்தான். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் கோவில் காவலாளி இறந்தாரே, அதன் தொடக்கமும் நகை காணோம் என்ற ஒரு புகார்தான்.

சாத்தான்குளம் நம் பக்கத்து ஊர், விவரம் உங்களுக்கே தெரியும். 2020 ஜூன் 19 ராத்திரி தந்தையும் மகனும் ஸ்டேஷனில். 22-ஆம் தேதி ராத்திரி மகன், 23 காலையில் தந்தை இறந்துபோனார்கள். இடையில் அவர்கள் ஒரு டாக்டர் முன்னாலும் ஒரு மாஜிஸ்திரேட் முன்னாலும் போனார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சிறைக்கு அனுப்பத் தகுதி என்று சான்று வந்தது, ரிமாண்டும் ஆயிற்று. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் போட்ட பதினொரு கட்டளையும் அன்றைக்கும் அமலில்தான் இருந்தன: கைதுக் குறிப்பு, அதில் சாட்சிக் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், காயங்களைக் குறிக்கும் சோதனைக் குறிப்பு, 48 மணி நேரத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை. பிறகு கோவில்பட்டி மாஜிஸ்திரேட் அந்த ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போனபோது, சி.சி.டி.வி. பதிவு அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி அமைத்திருந்ததைக் கண்டு அறிக்கையில் எழுதினார். டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஸ்டேஷனையே வருவாய்த் துறை பொறுப்பில் விடச் சொன்னது. அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதால்தான் வழக்கே நிலைத்தது.

இனி உங்கள் வேலை. ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் ஒரு நீளப் பதிவேடு இருக்கும், ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்பார். பயத்தில் பாதிப்பேர் "வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். நம் மாநிலத்தில் ஸ்டேஷன் பாத்ரூமில் மட்டும்தான் தரை அவ்வளவு வழுக்கும், விழுந்தவர் எல்லாரும் கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு போட்டோவுக்கு நிற்பார்கள். தம்பி அப்படிச் சொல்லக் கூடாது. சனிக்கிழமை ராத்திரி இத்தனை மணி, இந்த முக்கு, சீருடையில் இருந்த போலீசார் இருவர், லத்தி, எங்கெங்கே அடி, அதன்பின் ஸ்டேஷனில் கையால் அறை. இதை இந்த வரிசையில் சொல்லச் சொல்லுங்கள். "தெரிந்த நபர்கள்" என்று மட்டும் எழுதப் பார்ப்பார்கள். "போலீஸ் என்றே போடுங்க டாக்டர்" என்று பணிவாகக் கேளுங்கள். பதிவேட்டின் நகலைத்தான் நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். அதன் நம்பரையாவது போனில் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போவதும் அதே ஸ்டேஷனுக்குத்தான். போகட்டும். பதிவு பதிவுதான்.

அப்புறம் மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் புகார், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு. இரண்டு விஷயம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பது. நாளைக்கு அந்தத் தாளில் என்ன எழுத்து முளைக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு, அன்றைய ராத்திரி சி.சி.டி.வி. பதிவைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்ற கோரிக்கை. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் வாசல், லாக்கப், வராண்டா, ரிசப்ஷன் எல்லாவற்றிலும் கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், 18 மாதம் பதிவு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ரைட்டர் மேசை கேமராவுக்குள் வராமல் இருக்காது. கேமரா ஓடவில்லை என்று பதில் வந்தால் அதுவும் எழுத்தில் வரட்டும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் தமிழிலேயே மனு அனுப்பலாம், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் அனுப்ப வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்த பிறகு அதற்கு ஒரு கனம் வந்திருக்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகத் தனிப் புகாரும் போடலாம். ஆனால் அது நீண்ட வழி. அரசு ஊழியர் பணி தொடர்பான புகார் என்றால் மேலதிகாரியின் அறிக்கையையும், அந்த ஊழியர் சொல்வதையும் கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று புதிய சட்டத்தில் ஒரு படியைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார்கள். அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டுமா என்ற சண்டை வேறு. அடிப்பது பணியாகுமா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் கிடக்கின்றன.


பதில்: பழைய எஸ்.எஸ்.ஐ.

வக்கீல் சார் சொன்ன சட்டத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ராத்திரி பைபாஸில் இரண்டே பேர், ஒரு டார்ச், ஒரு பேரிகார்டு என்று நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். நிற்காமல் வந்து மேலே ஏற்றிவிட்டுப் போகிற வண்டியும் உண்டு. தள்ளிப் போய் நிறுத்தும் வண்டி ஓடப் போகிறதா நிற்கப் போகிறதா என்று அரை விநாடியில் முடிவு செய்ய வேண்டும். அதற்காக நின்ற பிறகு அடித்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. நின்றுவிட்டால் லத்தி கீழே இறங்கிவிட வேண்டும்.

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்ததும் அதுதான். லத்தி கூட்டத்துக்கு. அதிலும் இடுப்புக்குக் கீழே, தலையையும் காறை எலும்பையும் தொடக் கூடாது. கூட்டத்தைக் கலைக்கக்கூட ஒரு காவலர் தன் இஷ்டத்துக்கு லத்தியை ஓங்க முடியாது. இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 148-ஆவது பிரிவுப்படி நிர்வாக மாஜிஸ்திரேட்டோ, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது எஸ்.ஐ.க்குக் குறையாத ஒருவரோ முதலில் கலைந்து போகச் சொல்லி உத்தரவிட வேண்டும். கேட்காவிட்டால்தான் பலம். 2018 மே 22 தூத்துக்குடியில் அந்த வரிசை என்ன ஆயிற்று என்று அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையில் விவரமாக இருக்கிறது. 13 உயிர். கலைந்து ஓடியவர்களைச் சுட்டார்கள் என்றே அறிக்கை சொல்கிறது. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடுப்பு போட்டிருந்தவனுக்கு அது வேறு மாதிரி வலிக்கும்.

கடைக்காரருக்கு என் யோசனை: எஸ்.பி. வரைக்கும் போகாமல், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு டி.எஸ்.பி.யைப் பாருங்கள். கூப்பிட்டுக் கண்டிப்பார், ஆளை மாற்றினாலும் மாற்றுவார். எழுத்தில் போனால் எதிர்ப்புறமும் எழுத்தில்தான் வரும். பணி செய்ய விடாமல் தடுத்தான் என்று பி.என்.எஸ். 132-இல் ஒரு வழக்கு, பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினான் என்று 296. பையன் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போகும்போது அது வந்து நிற்கும்.


பதில்: கோர்ட் வராண்டா

ஐயா சொல்வது நடைமுறை, மறுக்க மாட்டேன். டி.எஸ்.பி.யைப் பார்ப்பதில் தப்பும் இல்லை. ஆனால் ஏ.ஆர். காப்பி கையில் இருந்தால் டி.எஸ்.பி. உட்காரச் சொல்லிப் பேசுவார், இல்லாவிட்டால் நிற்க வைத்துப் பேசுவார். 132 வழக்கு வரும் என்கிற பயம்தான் இங்கே பாதி லத்தியைக் காப்பாற்றுகிறது. அந்த வழக்கு பின்னால் வந்தால், "இவன் ஆஸ்பத்திரியில் பதிவு செய்து, எஸ்.பி.க்குத் தபால் போட்ட பிறகு போட்டது" என்று தேதியைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். நம் தாள் அவர்கள் தாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.


பதில்: வைகைக் கரை

அண்ணா, வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100-க்குப் போன் பண்ணுங்கள், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு. தாலுகா கோர்ட்டிலேயே ஆபீஸ் இருக்கும். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவசம். என் அண்ணன் விஷயத்தில் மனு எழுதியதே அங்கிருந்த அம்மாதான்.

இன்னொன்று. விசாரணை என்று சொல்லி உங்கள் அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் அனுப்பாதீர்கள். பெண்களை அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 179-ஆவது பிரிவு. எங்கள் வீட்டில் இது தெரியாமல் அம்மா சாயங்காலம் வரை ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.


கேள்வி கேட்டவர்: காயில் கட்டுபவன்

எல்லாருக்கும் நன்றி. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். கதையைக் கேட்டுவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் எங்களையே பார்த்தார். "போலீஸ்னே எழுதவா? யோசிச்சு சொல்லுங்க" என்றார். தம்பி நான் வாயைத் திறப்பதற்குள் "எழுதுங்க மேடம்" என்றான். கன்றலை ஸ்கேல் வைத்து அளந்து நீளம் அகலம் எழுதினார், முதுகில் அந்த ஒரு அடியின் தடம் இரண்டு கோடாக இருப்பதையும் எழுதினார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. எஸ்.பி.க்குத் தபால் போயாயிற்று.

நேற்று ஸ்டேஷனிலிருந்து தெரிந்த ஒருவர் கடைக்கு வந்து டீ சாப்பிட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்கெல்லாம் போனீங்களாமே" என்று மட்டும் கேட்டார். "ஆமா சார், கால் வலி" என்றேன். வேறொன்றும் பேசவில்லை. ஒரு மோட்டாரைக் காட்டி எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு சந்தேகம். டி.எஸ்.பி. ஆபீஸில் விசாரணைக்கு வரச் சொல்லிப் போன் வந்திருக்கிறது. தம்பி தனியாகப் போகணுமா?


பதில்: கோர்ட் வராண்டா

தனியாக வேண்டாம். என்ன தேதி, என்ன விசாரணை என்று எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். தரவில்லை என்றாலும் போகாமல் இருக்காதீர்கள், புகார் கொடுத்தவரே வரவில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். நீங்களும் ஒரு வக்கீலும் கூடப் போங்கள். தம்பி சொல்வதை எழுதிக் கையெழுத்து கேட்பார்கள், முழுதும் படித்துப் பார்த்து, கடைசி வரிக்கு அடியில் இடம் விடாமல் போடச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, தபால் ரசீது மூன்றுக்கும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், ஒரிஜினலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அப்புறம், ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.